வாயைப் பார்க்கக் கூடாது

கொம்புத்தீவுப் படகில் ஏறுவதற்குள் நப்பின்னை நாலைந்து பேரைத் திட்டி முடித்திருந்தாள். சீட்டு வாங்குகிற இடத்தில் பையைத் துழாவிக்கொண்டு வழியை அடைத்து நின்ற ஒருவரிடம், "எருமை, நகந்து நின்னு தேடுய்யா" என்றாள். அவர் முகம் மலர்ந்து ஒதுங்கினார். ஒதுங்கும்போது பதிலுக்கு ஏதோ சொன்னார். நப்பின்னையின் காதில் அது, "நீங்க முதல்ல போங்கம்மா, எனக்கு என்ன அவசரம்" என்று விழுந்தது. அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று என்றைக்கும் தோன்றியதில்லை. இரண்டு பேரும் நல்ல மனநிலையோடுதான் பிரிந்தார்கள்.

காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் இதமி செய்கிற வேலை அது. பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே பொருத்திவிடுவார்கள். எதிரில் இருப்பவர் பேசுவதைக் காதுக்குள் விடாமல் மறித்து, வானலை வழியே எங்கோ இருக்கும் பெருங்கணினிக்கு அனுப்பி, முள் எடுத்த பேச்சாக அதே ஆளின் குரலில் கொண்டுவந்து ஊற்றும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. ஒரு காலத்தில் ஒரு சொல்லுக்காகத் தெருவே பற்றி எரிந்ததாம், அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொண்டார்களாம். பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும். இப்போது அதெல்லாம் இல்லை. அதற்காக மனிதர்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்பவன் காதிலேயே காவல்காரன் உட்கார்ந்திருக்கும்போது வாய்க்கு எதற்குப் பூட்டு? வாய்க்கு வந்ததைக் கொட்டுவது மூக்கைச் சிந்துவது போல ஒரு பழக்கமாகிப் போனது. அதில் கோபம்கூடக் கிடையாது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. பேசுகிற வாயின் அசைவும் காதில் விழுகிற சொல்லும் ஒட்டாது. உற்றுப் பார்த்தால் குமட்டும். அதனால் பேசுகிறவர் வாயைப் பார்க்கக் கூடாது என்பது முதல் மரியாதை ஆயிற்று. தோளைப் பார்க்கலாம், காதைப் பார்க்கலாம், சும்மா ஜன்னலைப் பார்க்கலாம். வாயைப் பார்க்கிற பிள்ளைக்குத் தொடையில் கிள்ளு விழும். நப்பின்னையும் வாங்கியிருக்கிறாள். வளர்ந்த பிறகு யாரும் யார் முகத்தையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, அதற்குத் தேவையும் இல்லை.

படகில் அவளோடு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். செழியனும் ரெஜினாவும். மதுரையில் மூவருக்கும் ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேசைகள். அன்று நப்பின்னைக்குப் பிறந்தநாள். தீவுக்குப் போய் ஒரு பகல் முழுக்க சைக்கிளில் சுற்றலாம் என்று சொன்னவள் ரெஜினா. இதற்காக அவள் பத்து நாளாக அலைந்து அனுமதி வாங்கியிருந்தாள். நப்பின்னை தனியாக வாழ்கிறவள். அலுவலகத்தில் இத்தனை பேர் இனிக்க இனிக்கப் பேசினாலும் ரெஜினாவின் பேச்சுக்கு ஈடு கிடையாது என்பது அவள் எண்ணம். தினமும் காலையில் மேசைக்கு வந்து நின்று, "பின்னை, உன் முகத்துல இன்னைக்கு என்ன ஒரு வெளிச்சம்" என்பாள். ஆள் இல்லாத வீட்டுக்குத் திரும்புகிற மாலைகளில் நப்பின்னை அந்த வாக்கியத்தைத்தான் துணைக்கு வைத்துக்கொள்வாள்.

இப்போதும் ரெஜினா அலையைப் பார்த்தபடி, "நீ பக்கத்துல இருந்தா எனக்கு வேற எதுவும் வேணாம் பின்னை" என்றாள். நப்பின்னைக்குக் கண் கலங்கிவிட்டது.

"தூரத்துல செவப்பா மிதவை தெரியுதா?" என்று படகுக்காரர் குரல் கொடுத்தார். "அதுதான் அலைதடை வட்டம். அதுக்கு அந்தப் பக்கம் வானலை கிடையாது. உங்க இதமி சும்மா கெடக்கும். அதுக்கப்புறம் அவுகவுக வாய்க்கு அவுகவுகதான் பொறுப்பு."

தீவின் வடமுனையில் வான்செவி இருந்தது. நட்சத்திரங்களின் முணுமுணுப்பைக் கேட்பதற்காக வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்த ராட்சசக் கிண்ணங்கள். பக்கத்தில் ஒரு கைபேசி விழித்திருந்தால்கூட அதற்குக் காது கிழிந்துவிடும். அதனால் தீவில் வானலைக்குத் தடை, மோட்டாருக்குத் தடை. பிறந்தது முதல் இதமி என்பதையே அறியாத கொஞ்சம் மீனவக் குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்பதற்காகவே நகரத்து ஆட்கள் கிளம்பி வருவார்கள், காட்டு மிருகத்தைப் பார்க்கப் போவது போல.

மிதவையைத் தாண்டும்போது நப்பின்னையின் காதுக்குப் பின்னால் சின்னதாக ஓர் அதிர்வு வந்து அடங்கியது. படகுக்காரர் இயந்திரத்தை அணைத்துப் பாயை இழுத்துக் கட்டினார். "சவம் மாதிரி காலை நீட்டிக்கிட்டு இருக்கீரு, மடக்கும்வே" என்று செழியனிடம் சொன்னார். செழியனுக்கு ஒரே கொண்டாட்டம். "கேட்டியா? என்னைச் சவம்னு சொல்றான். அப்படியே பச்சையா விழுது" என்று துள்ளினான்.

"கழுதை, தொப்பியப் போடு, மண்டை காயும்" என்று நப்பின்னை ரெஜினாவிடம் சொன்னாள். சொன்ன பிறகுதான், அது அப்படியே அவள் காதில் விழுந்திருக்கும் என்று உறைத்தது. ரெஜினா தொப்பியைப் போட்டுக்கொண்டாள். வட்டத்துக்குள் வந்ததிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை என்பதை நப்பின்னை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரையில் சைக்கிள் கொடுப்பவள் பெயர் பனிமயம். நாற்பது வயதிருக்கும், துடுப்பு வலித்து உரம் ஏறிய கை. வந்தவர்களுக்கு வணக்கம் இல்லை, சிரிப்பு இல்லை.

"செருப்பக் கழத்தி இங்க போடுங்க. மூணு பேரும்."

"செருப்பு எதுக்கு?" என்றான் செழியன்.

"சைக்கிளுக்குப் பொணை. ஊருக்குள்ள உங்க வாய் நீண்டுச்சுன்னா சைக்கிள் எங்ககிட்ட வந்துரும். நீங்க நடந்து வந்து செருப்ப வாங்கிக்கிட்டுப் போங்க."

"இந்த மணல்ல வெறுங்காலோட எப்படி நடக்கிறது?"

"அதை வாயத் தொறக்கும்போது யோசிங்க."

பேசும்போது அவள் செழியனின் வாயையே பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை. செழியன் கூசிப்போய், உடை கலைந்தவனைப் போலக் கையால் வாயை மூடிக்கொண்டான். பனிமயம் நப்பின்னையின் வாயைப் பார்த்தாள். பிறகு ரெஜினாவின் வாயை. அங்கே மட்டும் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. "ஒனக்கு ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றாள் ரெஜினா.

சைக்கிள் ஒவ்வொன்றும் ஒரு மாட்டு எடை. பார் வைத்த பழைய வண்டிகள். இரும்புப் பெடல் வெயிலில் காய்ந்து உள்ளங்காலைச் சுட்டது. பனைக்கும் உடைமரத்துக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை, பாதி மணல், பாதி முள். காற்று எதிரில் நின்று மார்பில் கைவைத்துத் தள்ளியது. சுற்றுலாப் படங்களில் பார்த்த தீவு இதுவல்ல. மணி அடித்துக்கொண்டு குடிசைகளைக் கடந்தபோது ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். நாய்களைக் கூப்பிட்டு அடக்க யாரும் வரவில்லை. ஒரு நாய் நப்பின்னையின் பாவாடை விளிம்பைக் கிழித்துக்கொண்டு போனது. வேலியோரம் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"என்ன ஊருய்யா இது? நாம இவனுகளுக்கு என்ன செஞ்சோம்?" என்றான் செழியன்.

என்ன செய்தோம் என்பது கிணற்றடியில் தெரிந்தது. இரண்டு குடத்தில் நீர் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் செழியன் சைக்கிளில் இருந்தபடியே, "ஏ மூதேவி, ரெண்டு குடம் வச்சிருக்கல்ல, ஒண்ண இங்க சாயி" என்றான். அவன் முகத்தில் சிரிப்பு. தண்ணீர் கேட்கும்போது அவன் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் கேட்டிருக்கிறான். எப்போதும் தண்ணீர் கிடைத்தும் இருக்கிறது.

அந்தப் பெண் இரண்டு குடத்தையும் அவன் கண் முன்னால் மணலில் கவிழ்த்தாள். அப்புறம் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தாள். பனைகளுக்கு அப்பால் பதில் சீழ்க்கை கேட்டது. கொஞ்ச நேரத்தில் பனிமயம் வந்து சேர்ந்தாள். வந்தவள் விசாரிக்கவில்லை, சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் சும்மாதான் சொன்னேன். மனசுல ஒண்ணும் இல்ல" என்றான் செழியன்.

"ஒம் மனசு எனக்கு எதுக்கு? அவ காதுல விழுந்தது ஒம் வாயி."

செழியன் இறங்கினான். முப்பத்தாறு வயதில் முதன்முறையாக ஒரு சொல்லுக்காகத் தண்டனை வாங்கியிருக்கிறான். மூஞ்சியில் ஈயாடவில்லை. குதிகாலில் நடந்து, விரலில் நடந்து, மணல் சுடச் சுட நொண்டிக்கொண்டு கரைப் பக்கம் போனான். போகும்போது தீவையும் தீவின் மூதாதைகளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு போனது நெடுநேரம் காற்றில் வந்தது.

"நாமளும் திரும்பிடலாமா?" என்று கேட்டாள் நப்பின்னை.

"இல்ல. வடமுனை வரைக்கும் வா" என்றாள் ரெஜினா. வட்டத்துக்குள் வந்த பிறகு அவள் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. இனிப்பு இல்லாத அந்தக் குரல் நப்பின்னைக்கு யாரோ அந்நியர் குரல் போல இருந்தது. இருந்தாலும் மிதித்தாள்.

வான்செவியின் கிண்ணங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஊருக்குச் சோறு வைக்கலாம் போலிருந்தன. முள்வேலிக்கு வெளியே ஒரு கிண்ணத்தின் நிழல் விழுந்த இடத்தில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். நப்பின்னை கேரியரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். தீவில் யாரும் தண்ணீர் கொடுக்கப் போவதில்லை, இருப்பது அது ஒன்றுதான். ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினாள்.

"குடிடி. உதடெல்லாம் வெடிச்சிருக்கு." அவள் வாயைப் பார்த்துவிட்டோம் என்று உடனே உறைத்து நப்பின்னை தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்."

"நாயே, வெயில்ல செத்துத் தொலைவ. குடி."

"செத்துத் தொலைவேன்னு சொன்னே. அப்படியே விழுந்துச்சு." ரெஜினா பாட்டிலைப் புறங்கையால் தள்ளினாள். "அப்ப நான் சொல்றதும் உனக்கு அப்படியே விழும். அதுக்குத்தான் உன்ன இங்க கூட்டிட்டு வந்தேன். பத்து நாள் அலைஞ்சு அனுமதி வாங்கினது உன் பொறந்தநாளுக்குன்னு நினைச்சியா?"

நப்பின்னை பாட்டிலை மடியில் வைத்தாள்.

"உன்ன எனக்குப் பிடிக்காது பின்னை. ரெண்டு வருஷமா பிடிக்காது. தினமும் காலையில உன் மேசைக்கு வந்து, நீ விளங்கவே மாட்டே, நாசமாப் போடின்னு சொல்லிட்டுத்தான் என் சீட்டுக்குப் போவேன். காலையில படகுல என்ன சொன்னேன் தெரியுமா? இந்தக் கடல்ல நீ விழுந்தாக்கூடக் கை கொடுக்க மாட்டேன்னு சொன்னேன்."

நப்பின்னைக்குக் காது அடைத்தது. உன் முகத்தில் என்ன ஒரு வெளிச்சம். நீ பக்கத்தில் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். வசவு எவ்வளவு காரமோ அவ்வளவு இனிப்பைக் கொட்டி மூடியிருக்கிறது இந்த இதமி. அலுவலகத்திலேயே தனக்கு அதிகம் இனித்த குரல் தன்னை அதிகம் வெறுத்தவளுடைய குரல். இரண்டு வருடம் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கியது சாபத்தை. முதலில் வந்தது வருத்தம் இல்லை, ஆத்திரம்.

"நாசமாப் போன்னு சொல்லிட்டு மத்தியானம் என் டப்பாவுல இருக்கிற சோத்தத் திம்பியா நீ?"

"ஒருநாளும் தின்னது கிடையாது. நீ நீட்டுவே, நான் வேணாம்பேன். யோசிச்சுப் பாரு. ரெண்டு வருஷமா உன்கிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல. பேனா கேட்டதில்ல. ஒரு வாய் தண்ணி கேட்டதில்ல."

யோசித்தால் உண்மைதான் என்று பட்டது. அது இன்னும் எரிந்தது.

"நான் உனக்கு என்னடி பண்ணேன்?"

"கேன்டீன்ல, ஜன்னலோரமா உட்கார்ந்து இட்லி தின்னுட்டு இருந்தே." ரெஜினா மனப்பாடமாக ஒப்பிப்பது போலப் பேசினாள். "நான் வந்து உன் எதிர்ல உட்கார்ந்தேன். பின்னை, என் பிள்ளை வயித்துலயே போயிடுச்சு, நாலு மாசம், யாருக்கும் சொல்லலன்னு சொன்னேன். முதல்ல உன்கிட்டதான் சொன்னேன். நீ இட்லிய மென்னுட்டே, 'நல்லதாப் போச்சு. அப்பப்ப இப்படி நடந்தாத்தான் உடம்புக்கு நல்லது'ன்னு சொன்னே. சிரிச்சுக்கிட்டே சொன்னே. நல்ல வார்த்தைய இதமி மாத்தாது. நீ சொன்னதுதான் என் காதுல விழுந்துச்சு."

காற்று கிண்ணத்தின் விளிம்பில் உராய்ந்து ஒரு மாதிரி ஊளையிட்டது. நப்பின்னைக்கு அந்தக் காலை நினைவிருந்தது. இட்லி நினைவிருந்தது. தான் சொன்னதும், ஐயோ, நினைவிருந்தது.

"ரெஜி, நீ சொன்னதா என் காதுல விழுந்தது அது இல்ல. நாலு நாள் லீவு போட்டேன், வீட்டுல நல்ல ஓய்வுன்னு விழுந்துச்சு. அதுக்குத்தான் நான் அப்படிச் சொன்னேன்."

"பொய் சொல்லாத. வசவத்தான் இதமி மாத்தும். நான் உன்ன வையல, அழுதேன். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது அது. மனசு நோகுற எதையும் மாத்தும் போலிருக்கு. நீ சொல்லு, ஒருத்தர் செத்துட்டாங்கன்னு யாராவது வாயால சொல்லி நீ கேட்டிருக்கியா?"

ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். நப்பின்னை இந்த முறை தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அப்பா போனது எழுத்துல வந்துச்சு" என்றாள் ரெஜினா மெதுவாக. "பதிவு அலுவலகத்துலேர்ந்து. திரையில."

"எங்கம்மாவுக்கும் அப்படித்தான். எல்லாருக்கும் அப்படித்தான். சாவு வந்தா எழுத்து வரும், மரியாதைக்கு அப்படின்னு நினைச்சோம். வாயால சொன்னா விழாதுங்கறதுக்குத்தான் எழுத்து."

"பொறக்காத பிள்ளைக்கு யாரு எழுத்து அனுப்புவா?"

பிறந்தவர்கள்தான் பதிவில் இருப்பார்கள். பதிவில் இருப்பவர்கள்தான் இறக்க முடியும்.

கோபம் தணிந்துவிடும், இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதுவிடுவோம் என்று நப்பின்னை நினைத்தாள். நடந்தது வேறு. ரெஜினா எழுந்து நின்று, சாய்த்து வைத்திருந்த தன் சைக்கிளைக் காலால் எட்டி உதைத்தாள். அது முள்ளில் போய் விழுந்தது. வெறுங்கால், இரும்பு. விரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"செழியன்கிட்ட சொன்னேன். சூப்பர்னான். எங்கம்மாகிட்ட சொன்னேன், கறிக்குழம்பு வைக்கட்டுமான்னு கேட்டா. உலகத்துல இருக்கிற அத்தனை பேரும் கல்நெஞ்சுன்னு நினைச்சுக்கிட்டு எழுந்திரிச்சு, குளிச்சு, வேலைக்கு வந்துட்டு இருக்கேன். இப்ப நீ வந்து யாருக்குமே விழலங்கிற." அவள் குரல் கிறீச்சிட்டது. "ஏன்டி சொன்னே? உன்ன வெறுத்துக்கிட்டு நான் நல்லாத்தானே இருந்தேன்?"

"எனக்கு மட்டும் சுகமா? உன்னத் தவிர எனக்கு ஆளு கிடையாது. இன்னைக்குக் காலையில வரைக்கும் எனக்கு ஒருத்தி இருந்தா. நீ சொல்ற, அவ இல்லவே இல்லன்னு."

"இல்லதான்."

அது இதமி இல்லாமல் வந்து இறங்கியது. நப்பின்னைக்கு வலித்தது. வாழ்க்கையில் ஒரு சொல் இவ்வளவு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பழக்கம் இல்லாத உடம்பு, தாங்கத் தெரியவில்லை. நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

ரெஜினா திடீரென்று அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"டேனியல்" என்றாள்.

டேனியல் அவள் கணவன். இரண்டு வருடமாகப் பிரிந்திருந்தார்கள். ஏன் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில் இனிப்பாகத்தான் விழுந்திருக்கும்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கு அவன் கட்டில்ல உட்கார்ந்து, 'விடு ரெஜி, இனி ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்'னு சொன்னான். அந்த வார்த்தைக்குத்தான் பெட்டியக் கட்டினேன். அவன் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கல. தோளப் பார்த்துக்கிட்டே கேட்டேன்." அவள் பெயர்ந்த நகத்தைப் பிடித்துக்கொண்டு நப்பின்னையை நிமிர்ந்து பார்த்தாள். "அவன் என்ன சொல்லியிருப்பான்?"

"தெரியல."

"தோள் குலுங்குச்சு. சிரிக்கிறான்னு நினைச்சேன்."

நப்பின்னை அவள் தோளைத் தொடப் போனாள். "தொடாத" என்றாள் ரெஜினா. "உன்மேல தப்பு இல்லன்னு தெரியுது. அதுக்காக இந்த நிமிஷமே பிடிச்சுப்போகுமா? ரெண்டு வருஷம் ஊறியிருக்கு." நப்பின்னை மறுபடி பாட்டிலை நீட்டினாள். அவள் அதையும் வாங்கவில்லை.

முள்ளில் கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டு திரும்பினார்கள். ரெஜினா முன்னால் போனாள், காலில் ரத்தம் மணலோடு காய்ந்திருந்தது. நப்பின்னைக்கு அவளை இழுத்து நிறுத்தி இன்னும் நாலு கேட்க வேண்டும் போலவும் இருந்தது, மன்னிப்புக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் இந்தத் தீவில் வைத்துத்தான் செய்ய முடியும். மிதவையைத் தாண்டினால் இரண்டுமே, காற்று நன்றாக வீசுகிறது என்கிற மாதிரி ஏதோவொன்றாக மாறிவிடும். அது தெரிந்தும் அவளுக்கு வாய் வரவில்லை. ஆயுள் முழுக்க வாயைக் கவனிக்காமலே பேசியவளுக்கு, ஒரு வார்த்தையைத் தேர்ந்து எடுப்பது எப்படி என்றே தெரியவில்லை. கதவுகள் முன்போலவே சாத்தப்பட்டன. நாய்கள் குரைத்தன.

கரையில் செழியன் பாதத்தைக் கடலில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பனிமயம் சைக்கிள்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் செருப்புகளைக் காலால் தள்ளினாள். ரெஜினா தன் செருப்பை எடுக்கவில்லை.

"அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு சைக்கிள் கிடைக்குமா?" என்று கேட்டாள். "என் வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரணும். பேச வேண்டியது இருக்கு."

பனிமயம் அவள் வாயைப் பார்த்தாள். காலில் காய்ந்த ரத்தத்தைப் பார்த்தாள். "யாரு வந்தாலும் செருப்பக் கழத்தணும்" என்றாள்.

தீவு பார்க்க வந்த வேறு சிலரையும் ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. அடுத்த மாதம் டேனியல் வருவானா, இவள் கூப்பிடுவது அவன் காதில் கூப்பிடுவதாகவே விழுமா என்பது நப்பின்னைக்குத் தெரியவில்லை. மிதவை நெருங்கிக்கொண்டிருந்தது. இனி எதிரில் இருப்பவள் தன்னை வெறுக்கிறாளா என்றுகூடத் தெரியாது. நாளைக் காலை மேசைக்கு வந்து நின்று, என்ன ஒரு வெளிச்சம் என்பாள். அதை வைத்துக்கொண்டு நப்பின்னை என்ன செய்வாள்?

காதுக்குப் பின்னால் அதிர்ந்தது. அதுவரை பாதத்தையும் பனிமயத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்த செழியன், பாதி வாக்கியத்தில், "என்ன அருமையான மக்கள், என்ன அருமையான நாள்" என்று குரல் மாறினான். பாயை இறக்கிவிட்டு இயந்திரத்தை முடுக்கினார் படகுக்காரர்.

ரெஜினா ஏதோ சொன்னாள். "உன்ன மாதிரி ஒருத்தி கிடைக்க நான் என்ன தவம் செஞ்சேனோ பின்னை" என்று தேனாக வந்து விழுந்தது.

நப்பின்னை திரும்பி, அவள் வாயைப் பார்த்தாள்.

வெடித்த உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இரண்டே அசைவு. வாய் மூடிய பிறகும் அந்த நீளமான வாக்கியம் காதில் ஓடிக்கொண்டிருந்தது. குமட்டியது, நப்பின்னை பார்வையை எடுக்கவில்லை. எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் முகம் சுளித்துக்கொண்டு தன் பெண்ணின் கண்ணைப் பொத்தினாள். செழியன் நப்பின்னையின் முழங்கையை இடித்தான். அதற்கும் அவள் அசையவில்லை.

ரெஜினா சட்டென்று கையால் வாயை மறைத்தாள். மறைத்த கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. கைக்கு மேலே இரண்டு கண்கள், பகையா இல்லையா என்று சொல்ல முடியாத கண்கள், நப்பின்னையையே பார்த்தன. படகு ஓர் அலையில் ஏறி இறங்கியது. பிறகு அந்தக் கை மெல்லக் கீழே வந்து மடியில் விழுந்தது.

"தண்ணி இருக்கா?" என்றாள் ரெஜினா.

வறண்ட, சலித்த குரல். ஒரு துளி இனிப்பு இல்லை. சொல் தொடங்கும்போது வாய் திறந்தது, சொல் முடியும்போது வாய் மூடியது, நடுவில் யாரும் புகவில்லை.

நப்பின்னை பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, அவளிடம் கொடுத்தாள்.